பிளாட்டினத்துக்கும் ஒரு தண்ணீர்ப் பந்தல்

ஒரு தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் எங்க பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் வைத்திருந்தோம். மழைக்குப் பயந்து மூணு பக்கமும் கேன்வாஸ் கட்டிவிட்டோம். கொஞ்ச நேரத்தில், உள்ளே மோர் கலக்கிக்கொண்டிருந்த தம்பிக்குத் தலை சுற்றியது. உடனே வெளியே தூக்கி வந்து முதலுதவிக்காரர்களிடம் ஒப்படைத்தோம். தெளிந்ததும், "அண்ணே, புகையே தெரியலையே?" என்றான்.

தெரியாதுதான். பெட்ரோல் அரைகுறையாக எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

இதே வில்லனைத்தான் பிறகு என் பாடத்திலும் பார்த்தேன்.

எரியாத எரிபொருள்

மெத்தனால் எரிபொருள் மின்கலத்தில் தீ இல்லை. பிளாட்டினத்தின் மேல் மெத்தனாலும் தண்ணீரும் வினைபுரிகின்றன. ஒரு மெத்தனால் மூலக்கூறு 6 எலக்ட்ரான்களைத் தருகிறது. அவை ஒயரில் ஓடினால் மின்சாரம். ஆனால் பாதி வழியில் கார்பன் மோனாக்சைடு உருவாகி, பிளாட்டினத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. இடம் அடைபட்டால் அடுத்த மெத்தனால் எங்கே உட்காரும்?

துணைக்கு வரும் உலோகம்

ருத்தீனியம் இங்கே தண்ணீர்ப் பந்தல் மாதிரி. தண்ணீரை எளிதாகப் பிரித்து அதன் ஆக்சிஜனைத் தயாராக வைத்திருக்கும். பக்கத்தில் சிக்கியிருக்கும் கார்பன் மோனாக்சைடு அதை வாங்கிக்கொண்டு, கார்பன் டைஆக்சைடாகக் கிளம்பிவிடும். 1975இல் ஜப்பானின் வத்தனபேயும் மோட்டோவும் இந்த விளக்கத்தைத் தந்தார்கள்.

பந்தல் ஒரு மைல் தள்ளி இருந்தால் பயன் உண்டா? அதனால்தான் இரண்டு உலோகமும் ஒரே நானோ துகளில், அணுவுக்கு அணு பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஏன் நானோ? 1 கிராம் பிளாட்டினம் ஒரே உருண்டையாக இருந்தால் மிளகு அளவுதான். 3 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால் மேற்பரப்பு சுமார் 93 சதுர மீட்டர். ஒரு பேட்மிண்டன் கோர்ட்டே 82தான்!

இன்னும் தீராதது

பிளாட்டினம் விலை அதிகம். ருத்தீனியமும் நாளடைவில் கரைந்துபோகிறது. பாங்கியில், மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு ஆய்வுக் கழகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையத்திலும் ஆய்வு நடக்கிறது. அங்கே நாளைக்கு உங்களில் ஒருத்தர் இருக்கலாம்.

அதுவரை ஜெனரேட்டரைப் பந்தலை விட்டுத் தள்ளி, திறந்த வெளியில் வையுங்கள். ஊர் தாகம் தீர்க்க வந்த நம்ம பிள்ளைக்கு மூச்சு முட்டக்கூடாது.

சிந்திக்க: பிளாட்டினத் தூளையும் ருத்தீனியத் தூளையும் தனித்தனியாக வைத்தால் ஏன் இந்த வேலை நடக்காது?