நீலச் சுடர்

தாதர், மும்பையின் மேற்கு இருப்புப்பாதையும் மத்திய இருப்புப்பாதையும் சந்திக்கும் இடமாகும். இங்கிருந்து திருநெல்வேலிக்கும் புதுச்சேரிக்கும் தொடர்வண்டிகள் செல்கின்றன. இப்பகுதியில் ‘சால்’ எனப்படும் பழைய குடியிருப்புகள் பல உள்ளன. அவற்றில் பல குடும்பங்களுக்கு ஓர் அறையே வீடு. அதன் ஒரு மூலையே சமையலறை. விடியுமுன் இட்லி அவித்து விற்பனைக்கு எடுத்துச் செல்வோருக்கு, அம்மூலையிலுள்ள எரிவாயு அடுப்பே பிழைப்பும் ஆகும்.

அடுப்பின் நலத்தை அதன் சுடரே கூறிவிடும். சிறு துளை வழியே வேகமாக வெளிவரும் எரிவாயு, காற்றையும் உடன் இழுத்துக்கொண்டு பர்னரை அடைகிறது. காற்று போதிய அளவு கலந்தால் சுடர் நீலமாக எரியும். பொங்கி வழிந்த கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் பர்னரின் கண்களை அடைத்தால் சுடர் மஞ்சளாகும், பாத்திரத்தின் அடியில் கரி படியும், எரிவாயு வீணாகும். காற்றோட்டம் இல்லாத அறையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

தூய்மை செய்யுமுன் ரெகுலேட்டரை மூடி, அடுப்பு நன்றாக ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். பின்னர்ப் பர்னர் மூடிகளைக் கழற்றிச் சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். பித்தளை மூடிகளுக்குப் புளி ஏற்றது. அடைபட்ட கண்களை மெல்லிய ஊசியால் நீக்கலாம். ஈரம் முற்றிலும் உலர்ந்த பின்னரே மூடிகளைப் பொருத்த வேண்டும். எரிவாயு வெளிவரும் உள்துளையை மட்டும் ஊசியால் குத்துதல் கூடாது, துளை பெரிதாகிவிடும். அது பழுதுபார்ப்பவரின் வேலை.

ரப்பர்க் குழாயையும் கவனித்தல் வேண்டும். வெடிப்பு தோன்றினால் உடனே மாற்ற வேண்டும். கசிவை அறியச் சோப்பு நுரையைத் தடவினால் போதும். கசிவுள்ள இடத்தில் குமிழி எழும். தீக்குச்சி கொளுத்திப் பார்த்தல் பேராபத்து.

சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக மணம் இல்லை. கசிவை உணர்த்தவே நாற்றமுடைய பொருளைக் கலக்கின்றனர். உருளையில் வரும் எரிவாயு காற்றைவிடக் கனமானது. எனவே தரையோரமாகத் தேங்கும். நாற்றம் வந்தால் மின்விசையைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, அனைவரும் வெளியேற வேண்டும். பின்னர் 1906 என்னும் அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

வீட்டில் பயன் தரும் அடுப்பு வண்டியில் எமனாகலாம். 2023 ஆகத்து 26 அன்று விடியற்காலையில், மதுரையில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பயணிகளின் தொடர்வண்டிப் பெட்டி தீப்பற்றியது. விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவரப்பட்ட எரிவாயு உருளையே காரணம். ஒன்பது பேர் உயிரிழந்தனர். விடுமுறையில் சொந்த ஊர் செல்லும் குடும்பங்கள், சிறிய உருளையாயினும் அதனைத் தொடர்வண்டியில் ஏற்றுதல் ஆகாது.

நீலச் சுடர் அடுப்பின் நலத்துக்கு அடையாளம். அதனைக் காக்கும் பொறுப்பு பெரியோருக்கு மட்டும் உரியதன்று. கண்டு சொல்லும் சிறுவருக்கும் உரியது.

சொற்பொருள்
பிழைப்பு – வாழ்வதற்கான வழி
பிசுக்கு – ஒட்டும் அழுக்கு
எமன் – உயிரைப் பறிப்பவன்
பேணுதல் – காத்தல்

பயிற்சி
1. சுடர் மஞ்சளாவதற்குக் காரணம் யாது?
2. உருளை எரிவாயு தரையோரமாகத் தேங்குவது ஏன்?
3. எரிவாயு நாற்றம் வந்தால் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தி எழுதுக.
4. ‘பேணுதல்’ – இச்சொல்லை அமைத்துத் தொடர் எழுதுக.
5. வீட்டுப் பெரியவர் அடுப்பைப் பற்றவைக்கும்போது சுடரின் நிறத்தைக் கவனித்து, கண்டதை ஐந்து தொடர்களில் எழுதுக.