சுண்ணாம்பு வீட்டுக்குச் சுண்ணாம்பு

அன்புள்ள தம்பிக்கு,

படங்கள் வந்தன. உடையார்பாளையம் பக்கத்துப் பழைய ஜமீன் வீடு உன் முதல் வேலையாக அமைந்தது நல்லதுதான். முன்சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, காரையை உதிர்த்துவிட்டு சிமெண்ட் பூசலாமா என்று கேட்டிருக்கிறாய். பூசாதே.

உன் வயதில் நானும் பூசியவன்தான். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு வீடு. பூச்சு வழவழவென்று வந்ததில் எனக்கு ஒரே பெருமை. மூன்றாவது ஐப்பசி மழைக்குள் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது. வீட்டுக்காரப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. ஒரு செங்கல்லை எடுத்து விரலால் தேய்த்துக் காட்டினார். மாவாக உதிர்ந்தது.

அந்தக் காலத்துச் செங்கல் மென்மையானது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புக் காரை வழியாக வெயிலில் வெளியேறிவிடும். சிமெண்ட் அதற்கு வழிவிடாது. ஈரம் உள்ளேயே காயும்போது அதிலுள்ள உப்பு செங்கல்லுக்குள் பூத்து அதை உடைக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சுண்ணாம்பு, சிமெண்ட் இரண்டுமே நம் ஊர்க் கல். சாத்தனூர்க் கல்மரத்தைப் பார்த்திருப்பாய். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல். அது விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை 900 டிகிரி அளவில் சுட்டால் சுண்ணாம்பு. களிமண் சேர்த்து 1450 டிகிரிக்கு ஏற்றினால் சிமெண்ட். ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒரே சுவரில் ஒத்துப்போகமாட்டார்கள்.

வேலை தொடங்குமுன் ஒருநாள் உட்கோட்டை மாளிகைமேட்டுக்குப் போய்வா. அங்கிருந்த ராஜேந்திர சோழன் அரண்மனையில் மிஞ்சியது செங்கல் அடித்தளம், கூரை ஓடு, இரும்பு ஆணி, மரத்தூண் நின்ற கல். கூரை எப்படி இருந்தது என்று ஓடுகளையும் ஆணிகளையும் வைத்துத்தான் இன்று சொல்கிறோம். அதனால் பழைய வீட்டில் கழற்றிய ஆணியைக்கூடக் காயலான் கடைக்குப் போடாதே. ஆளில்லாத கட்டடம் ஊருக்குக் கல்குவாரி ஆகிவிடும். கங்கைகொண்ட சோழபுரம் கோயில் மதிற்கல்லே 1836இல் கீழணை கட்டப் போனது.

பிறகு உடையார்பாளையம் அரண்மனையையும் பார். கனம் கிருஷ்ணையர் பாடிய சமஸ்தானம் அது. வளைவுகளைப் படம் பிடிப்பதோடு நிறுத்தாதே. மழைநீர் எங்கே விழுந்து எங்கே போகிறது என்று பார். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து வருமானம் நின்றபின் இப்படிப்பட்ட வீடுகளுக்கு ஆண்டுதோறும் வெள்ளையடிக்க ஆளில்லை. இங்கிலாந்துப் பிரபுக்களின் நாட்டுப்புற மாளிகைகளும் வாரிசு வரியில் நூற்றுக்கணக்கில் இடிபட்டன; 1974இல் அதற்கென்றே லண்டனில் கண்காட்சி வைத்தார்கள். பழையதைப் புதிது போல ஆக்காதே, அன்றாடம் பேணு என்று வில்லியம் மோரிஸ் அங்கே 1877இலேயே சங்கம் கண்டவர். ஜமீன் முறை போனதில் எனக்கு வருத்தமில்லை. கொத்தனார் கைவேலை போனதில்தான் வருத்தம்.

இனி உன் வேலை வீட்டுக்கு வருவோம். சுவரைத் தொடுமுன் மச்சில் ஏறு. மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் தேக்குக் கட்டைகளின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும். முதலில் மக்குவது அந்த முனைதான். ஒவ்வொன்றையும் தட்டிப் பார். தூம்பில் அடைப்பிருந்தால் எடு. முற்றத்துத் தண்ணீர் வெளியேறட்டும். பாதி ஓதம் அதிலேயே இறங்கிவிடும். அப்புறம் சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் ஊறப்போடு; அவசரப்படுத்தாதே. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரின் அளவை என்னிடம் கேட்காதே. அந்த வேலை தெரிந்த வயதான கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடி, அவருக்கு உன் கூலியைவிட அதிகம் கொடு.

வாங்கிப்போட்ட சிமெண்ட் மூட்டைகளைக் கடையில் திருப்பிக் கொடு. வாங்க மறுத்தால் பின்கட்டில் கட்டப்போகும் புதுக் கழிப்பறைக்கு வைத்துக்கொள். அதற்கு சிமெண்ட்தான் சரி.

அன்புடன்,
அண்ணன்