கல்லின் மேல் பொடி, கல்லுக்காக ஒரு நடை

இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் பெருங்கற்கள் மீது 'ஜஸ்ட் ஸ்டாப் ஆயில்' அமைப்பினர் இருவர் ஆரஞ்சுப் பொடியைப் பீய்ச்சியது 2024 ஜூன் 19 அன்று. நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை 2030க்குள் கைவிட அரசு ஒப்பந்தம் போட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அந்தக் காணொளி மதுரைப் பக்கத்து உசிலம்பட்டிக் கைபேசிகளுக்கும் வந்தது. அதன் பிறகு இந்தப் பக்கம் இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறேன். ஒன்று, "இவர்கள் காட்டுமிராண்டிகள்." மற்றொன்று, "உலகமே வேகும்போது கல்லென்ன, ஓவியமென்ன?" இரண்டிலும் பிழையான நம்பிக்கைகள் கலந்திருக்கின்றன. மதுரையைச் சுற்றியிருக்கும் மலைகளை வைத்தே அவற்றைச் சரிபார்க்கலாம்.

நம்பிக்கை: போராட்டக்காரர்கள் கலைச்செல்வங்களை அழித்துவிட்டார்கள்.

அழிக்கவில்லை. 2022 அக்டோபர் 14 அன்று லண்டன் நேஷனல் கேலரியில் வான்கோவின் சூரியகாந்தி ஓவியத்தின் மேல் தக்காளி சூப் வீசப்பட்டது. ஓவியத்துக்கு முன்னால் கண்ணாடி இருந்ததால் ஓவியம் தப்பியது, பழைய சட்டகம்தான் சேதமானது. வீசிய இருவருக்கும் 2024 செப்டம்பரில் சிறைத்தண்டனை கிடைத்தது. ஒருவருக்கு 2 ஆண்டு, மற்றவருக்கு 20 மாதம். ஸ்டோன்ஹெஞ்சில் வீசியது சோளமாவு கலந்த பொடி. அதை ஊதியே அகற்றிவிட்டார்கள், கண்ணுக்குத் தெரிந்த சேதம் இல்லை.

ஆனால் 'எங்குமே பாதிப்பில்லை' என்பதும் சரியல்ல. 2023 செப்டம்பரில் பெர்லினின் பிராண்டன்பர்க் வாயில் தூண்கள்மேல் வேறொரு பருவநிலை அமைப்பினர் ஆரஞ்சு வண்ணம் அடித்தார்கள். அது மணற்கல்லுக்குள் ஊறிவிட்டதால் முதல் கழுவலில் போகவில்லை.

நம்பிக்கை: கல்தானே, துடைத்தால் போய்விடும்.

நம் பக்கத்துக் கற்களைத் தெரிந்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். உசிலம்பட்டியிலிருந்து கிழக்கே போனால் விக்கிரமங்கலம். அங்கே உண்டாங்கல் என்ற குன்றில் சமணத் துறவியர் தங்கிய கற்படுக்கைகளும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. அந்தப் பக்கம் மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி, திருவாதவூர், இந்தப் பக்கம் முத்துப்பட்டி, கொங்கர் புளியங்குளம் என்று மதுரையைச் சுற்றி இத்தகைய குன்றுகள் வளைத்து நிற்கின்றன. மாங்குளம் எழுத்துகளை ராபர்ட் சீவல் 1882இல் கண்டார். அவற்றில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் இருப்பது பின்னால் படித்தறியப்பட்டது. சங்கப் பாடல்களில் மட்டும் கேட்ட ஒரு பெயர் மலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இந்த எழுத்துகளுக்கு முன்னால் கண்ணாடி கிடையாது. பல இடங்களில் காவலும் கிடையாது. இரண்டாயிரம் ஆண்டு வெயிலும் மழையும் தின்றது போக மிஞ்சிய கோடுகள் அவை. சில கோடுகள் விரலுக்குத் தட்டுப்படுவதோடு சரி. அவற்றின்மேல் பெயின்ட் பட்டால் அதைச் சுரண்டும் கை எழுத்தையும் சேர்த்துச் சுரண்டிவிடும். காதலர் பெயர்களும் கட்சிப் பெயர்களும் எழுதப்பட்ட குகைகளில் இந்தச் சேதத்தை இன்றும் பார்க்கலாம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2010இல் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். கிறுக்கல் நிற்கவில்லை.

ஆகவே ஸ்டோன்ஹெஞ்சில் பொடி தூவியவர்களைப் பார்த்து இங்கே யாராவது உண்டாங்கல்லில் வண்ணம் அடிக்க நினைத்தால் நான் முழுமூச்சாக எதிர்ப்பேன். அவர்கள் கோரிக்கை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் எதிர்ப்பேன். அந்த எழுத்தைப் பொறித்தவர் இறந்து இருபது நூற்றாண்டு ஆகிறது. அதைப் படிக்க வேண்டியவர்கள் இன்னும் பிறக்கவில்லை. இருவரிடமும் சம்மதம் கேட்க முடியாது.

அதே வாயால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் மலைகளுக்கு வண்ணத்தைவிடப் பெரிய கேடு வெடிமருந்தால் வந்தது. மதுரை மாவட்ட கிரானைட் குவாரி முறைகேடுகளைப் பற்றி ஆட்சியர் உ. சகாயம் 2012இல் அரசுக்கு எழுதினார். 2014இல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரிக்க நியமித்தது. 2015இல் அவர் அறிக்கை தந்தார். அதற்குள் கீழவளவுப் பக்கம் எத்தனை பாறை துண்டு துண்டாகப் போயிருந்தது என்பதை அந்தச் சாலையில் போகிற எவரும் பார்க்கலாம். ஆரஞ்சுப் பொடிக்குக் கொதித்தவர்களில் பலர் அப்போது வாய் திறக்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நம்பிக்கை: சின்னங்களைத் தொட்டுப் போராடுவது வெளிநாட்டுப் பழக்கம்.

1927இல் சென்னை மவுன்ட் ரோட்டில் நீல் சிலைச் சத்தியாகிரகம் நடந்தது. 1857 கிளர்ச்சியின்போது வட இந்தியாவில் கொத்துக் கொத்தாக மக்களைக் கொன்ற ஆங்கிலேயத் தளபதி நீல். அவன் சிலையைச் சுத்தியலும் உளியும் கொண்டு தாக்கினார்கள். கடலூர் அஞ்சலையம்மாள் தன் சிறுவயது மகளோடு அதில் பங்கெடுத்துச் சிறை போனார். 1937இல் ராஜாஜி அரசு வந்ததும் சிலை அங்கிருந்து எடுக்கப்பட்டு அருங்காட்சியகத்துக்குப் போனது.

அந்தப் போராட்டத்தில் தாக்கப்பட்ட சிலையும் எதிர்க்கப்பட்ட அநீதியும் ஒன்றுதான். சிலை நின்றதே மக்களுக்கு அவமானம். வான்கோவின் பூக்களுக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கும் அப்படி ஒரு தொடர்பு கிடையாது. கவனத்தை இழுக்க அந்தப் பூக்களைப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பிணையாகப் பிடிப்பதும் எதிரியைத் தாக்குவதும் ஒன்றாகாது.

நம்பிக்கை: பழஞ்சின்னம் வேறு, பருவநிலை வேறு.

இதற்கு அரிட்டாபட்டி போதும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் அறிவிக்கப்பட்டன. சுமார் 193 ஹெக்டேர் பரப்பில் ஏழு குன்றுகள். ஒரு பக்கம் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், சமணச் சிற்பம், தமிழிக் கல்வெட்டு. இன்னொரு பக்கம் வல்லூறுகள், தேவாங்கு, எறும்புத்தின்னி. மலையில் விழும் மழை சுனைகளில் தங்கி, ஓடைகளாக இறங்கி, ஆனைகொண்டான் போன்ற கண்மாய்களுக்குப் போகிறது. மலையை எடுத்துவிட்டால் கல்வெட்டும் போகும், கண்மாயும் போகும். பருவநிலை மாறி மழை தப்பும் ஆண்டுகளில் அந்தக் கண்மாய்தான் ஊரின் உயிர்.

நம்பிக்கை: ஊர்வலமும் மறியலும் காதில் ஏறாது, அதிர்ச்சி கொடுத்தால்தான் அரசு திரும்பும்.

2024 நவம்பர் 7 அன்று, மேலூர் வட்டாரத்தில் சுமார் 2,015 ஹெக்டேர் கொண்ட நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பகுதிக்கான ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக ஒன்றிய அரசு அறிவித்தது. பாரம்பரியத் தலமும் அதற்குள்ளேயே இருந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன, மேலூரில் கடைகள் அடைக்கப்பட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. பாரம்பரியத் தலத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லையைத் திருத்தலாம் என்று மாத இறுதியில் ஒன்றிய அரசு இறங்கி வந்தது. ஊர்க்காரர்கள் அதை ஏற்கவில்லை. நான் பெரிதும் மதிப்பது அந்த மறுப்பைத்தான். கல்வெட்டுள்ள குன்று தப்பினால் போதும், அடுத்த ஊர் வயல் போகட்டும் என்று அவர்கள் சொல்லவில்லை.

2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். நான்குவழிச் சாலையில் போக்குவரத்து பாதிக்கப்பட்டது. வழக்குகள் பதிவாகின, பிறகு திரும்பப் பெறப்பட்டன. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. எந்தச் சிற்பத்தின் மேலும் ஒரு துளி வண்ணம் விழவில்லை.

இதைக் காட்டி 'அறவழி என்றும் வெல்லும்' என்று எழுதுவது எளிது. உசிலம்பட்டிக்காரன் அப்படி எழுத முடியாது. வைகைத் தண்ணீருக்காக 58 கிராமக் கால்வாய் கேட்டு இந்த ஊர் பல பத்தாண்டுகள் மறியலும் கடையடைப்பும் உண்ணாவிரதமும் நடத்தியது. கால்வாயும் தொட்டிப்பாலமும் கட்டி முடிந்த பிறகும், 71 அடி அணை ஏறக்குறைய நிறைந்தால்தான் அதில் தண்ணீர் வரும். தண்ணீரைத் திறக்கச் சொல்லி மறுபடியும் மறியல் நடக்கிறது. இப்படிக் காத்துக் காத்துச் சலித்த இளைஞன் வேறு வழி தேடினால் அவன் கோபத்தைப் புரிந்துகொள்ள முடியும். ஆனால் அதிர்ச்சி கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. புதிய எண்ணெய் உரிமங்கள் தராதது பிரிட்டன் அரசின் கொள்கையாகிவிட்டது என்று சொல்லி ஜஸ்ட் ஸ்டாப் ஆயில் 2025இல் களத்தை விட்டு விலகியது. அந்தக் கொள்கை ஆட்சி மாற்றத்தோடு வந்தது. அதில் சூப்புக்கு எவ்வளவு பங்கு என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. இடைப்பட்ட காலத்தில் போராட்டங்களை ஒடுக்கும் சட்டம் 2023இல் அங்கே கடுமையானது மட்டும் கண்கூடு.

நம்பிக்கை: அரிட்டாபட்டி பிரச்சினை முடிந்துவிட்டது.

ரத்தானது ஓர் ஏலம். டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கியக் கனிமங்களை ஒன்றிய அரசே ஏலம் விட வழி செய்த 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அப்படியே இருக்கிறது. பசுமை ஆற்றலுக்கும் பாதுகாப்புத் துறைக்கும் வேண்டிய கனிமங்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். பருவநிலையைக் காக்கும் பெயரிலேயே அடுத்த குன்றுக்கும் ஏல அறிவிப்பு வரலாம். உண்டாங்கல்லின் எல்லை எது, அதன் நீர் எந்தக் கண்மாய்க்கு இறங்குகிறது என்பதை விக்கிரமங்கலம் ஊராட்சி இப்போதே கிராம சபைத் தீர்மானமாகப் பதிவு செய்து வைக்கலாம்.