ரப்பர் தடியில் நீலக்கறை: மருந்தைச் சோதிப்பது எப்படி?

குமரி மாவட்டத்தில் பால் ஓய்ந்த ரப்பர் மரங்களை 25, 30 ஆண்டுகளில் வெட்டி விற்கிறோம். வெட்டும்போது வெண்மஞ்சளாக இருக்கும் தடி, மழை நாட்களில் சீக்கிரமே நீலமும் கருப்புமாகிவிடுகிறது. இந்தக் கறையால் தடியின் பலம் அதிகம் குறைவதில்லை. விலைதான் குறைகிறது. மேஜை நாற்காலிக்குப் போக வேண்டிய தடி, பெட்டி அடிக்கப் போகும்.

லாசியோடிப்ளோடியா என்ற பூஞ்சாணமே இதற்கு முக்கிய காரணம். மாம்பழத்தில் காம்பழுகலை உண்டாக்குவதும் இதுதான். ரப்பர் மரத்தில் தேக்கைப்போல வைரம் தனியாகத் தெரிவதில்லை. தடி முழுவதும் மாவுச்சத்து உள்ளது. பூஞ்சாணம் அதைத் தின்றே உள்ளே ஓடுகிறது.

ஆய்வுக்கூடத்தில் சிறு மரத்துண்டுகளை முதலில் கிருமி நீக்குகிறார்கள். சிலவற்றை மருந்துக் கரைசலில் நனைக்கிறார்கள். சிலவற்றை நனைக்காமல் விடுகிறார்கள். பிறகு எல்லாவற்றையும் பூஞ்சாணம் வளரும் கண்ணாடித் தட்டுகளில் ஈரத்துடன் சில வாரம் வைத்து, கறை படிந்த பரப்பைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். நனைக்காத துண்டில் கறை ஏறாவிட்டால் அந்தச் சோதனையே செல்லாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே முதலில் மருந்து, பிறகு பூஞ்சாணம். நம் தோட்டத்தில் நடப்பது தலைகீழ். வெட்டிய தடி மூன்று நாள் மழையில் கிடக்கும். வெட்டுமுனை வழியாகவும் பட்டை உரிந்த இடத்திலும் பூஞ்சாணம் புகுந்துவிடும். அதன்பின் மில்லில் முக்கினால் மருந்து மேலே நிற்கும், கறை உள்ளே ஓடும். மருந்து சரியில்லை என்று நாமும் பேசிக்கொள்வோம்!

வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் துளைக்கும் வண்டுக்கு நல்லது. நீலக்கறைக்கு அது மட்டும் போதாது. கறைக்கென்று தனி மருந்தும் சேர்க்க வேண்டும். முன்பு சேர்த்துவந்த சோடியம் பென்டாகுளோரோஃபீனேட் கொடிய நஞ்சு. 2015-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. பழைய சரக்கு என்று மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

மில்லில் பயன்படுத்தும் கரைசலை நீங்களே சோதிக்கலாம். ஒரே தடியில் அறுத்த துண்டுகளில் சிலவற்றை அன்றே மில்லில் முக்கி வாங்குங்கள்; சிலவற்றை மூன்றாம் நாள்; சிலவற்றை முக்கவே வேண்டாம். கையுறை அவசியம். மூன்று வகையையும் தனித்தனி பாலிதீன் பைகளில், ஈர மணல்மேல் வைத்துக் கட்டி, நிழலில் இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள்.

மரத்துக்கு விலை பேசும்போதே, வெட்டிய மறுநாளுக்குள் தடி மில்லுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று வியாபாரியிடம் பேசிக்கொள்ளுங்கள். லாரி வராத நாளில் கோடாலி வைக்க வேண்டாம்.