கோயில்பிள்ளையின் கடமைகள்



நம்ம திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று சின்ன வயசிலிருந்தே கேட்டு வருகிறோம். டிசம்பர் 31 அன்று படிபூஜை பார்க்கக் கூட்டம் கூடுகிறது. படிகளைக் கூட்டிக் கழுவி வைத்தவர் யாருன்னு யாராவது கேட்டிருக்கோமா? எல்லா வழிபாட்டுத் தலங்களிலும் இப்படிக் கண்ணில் படாத ஆட்கள் உண்டு. கத்தோலிக்க ஆலயத்தில் அந்த வேலையைச் செய்பவரைப் பற்றி இன்று படிப்போம்.

அவருக்குக் கோயில்பிள்ளை என்று பெயர். தென் மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இதைப் பிள்ளைகளுக்குப் பெயராகவே வைப்பார்கள். சில ஆலயங்களில் இது சம்பள வேலை. பல ஆலயங்களில் பங்கு மக்களில் ஒருவரே சம்பளம் இல்லாமல், தானாக முன்வந்து செய்கிறார்.

அவருடைய கடமைகள்:

1. பூசைக்கு முன்: எல்லாருக்கும் முன்னால் வந்து கதவைத் திறக்க வேண்டும். மணி அடிக்க வேண்டும். பீடத்தில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுதிரி ஏற்ற வேண்டும். குறைந்தது 2 திரி எரிய வேண்டும் என்பது விதி. அன்றைய வாசகம் வரும் பக்கத்தைப் புத்தகத்தில் எடுத்து வைக்க வேண்டும். மைக் வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

2. உடையின் நிறம்: சாமியார் போடும் மேலுடை தினமும் ஒரே நிறம் கிடையாது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் காலங்களில் வெள்ளை. தவக்காலத்தில் ஊதா. குருத்து ஞாயிறு, பெரிய வெள்ளி, மறைசாட்சிகளின் திருநாட்களில் சிவப்பு. மற்ற சாதாரண நாட்களில் பச்சை. காலண்டர் பார்த்து முந்தின நாளே எடுத்து வைப்பது நல்லது.

3. அப்பமும் ரசமும்: நாம் அரிசிச் சோறு சாப்பிடுகிறவர்கள். ஆனாலும் பூசைக்குரிய அப்பம் கோதுமையில்தான் இருக்க வேண்டும், புளிக்க வைக்கவும் கூடாது. ரசம் திராட்சையிலிருந்து வந்ததாக, வேறு எதுவும் கலக்காததாக இருக்க வேண்டும். 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பில் இது எழுதியிருக்கிறது. தீர்ந்து போச்சுன்னா பக்கத்துக் கடையில் ஓடிப்போய் வாங்க முடியாது. ஆகவே இருப்பு எவ்வளவு என்று அவருக்கு எப்பவும் தெரிந்திருக்க வேண்டும்.

4. விளக்கும் சாவியும்: நற்கருணைப் பேழைக்கு முன்னால் ஒரு விளக்கு இரவும் பகலும் எரிய வேண்டும். பேழையின் சாவி பத்திரமாக இருக்க வேண்டும். நம்பிக்கையான ஆளைத்தான் இந்த இடத்துக்கு வைப்பார்கள்.

5. பூசைக்குப் பின்: கிண்ணத்தின் கீழ் விரிக்கும் சதுரத் துணியில் அப்பத் துகள் ஒட்டியிருக்கலாம். முதலில் தனியாக அலசி, அந்தத் தண்ணீரை மண்ணில் ஊற்றுவார்கள். சாக்கடையில் கொட்ட மாட்டார்கள். அதன் பிறகுதான் சோப்பு.

6. புனித வாரம்: வருஷத்திலேயே அதிக வேலை இப்போதுதான். பெரிய வியாழன் மாலைப் பூசையில் மணி அடித்த பிறகு ஈஸ்டர் இரவு வரை மணி ஒலிக்காது. அதற்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டுவார்கள். ஈஸ்டருக்கு அந்த வருஷத்தின் எண் போட்ட புதுப் பெரிய திரி வேண்டும். போன வருஷத்துக் குருத்தோலைகளைச் சேர்த்து எரித்து, சாம்பல் புதனுக்குச் சாம்பல் தயார் செய்வதும் பெரும்பாலும் இவர்தான்.

"சம்பளமே இல்லையே, ஒரு நாள் போகலைன்னா என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு நாள் அவர் வரவில்லை என்றால் கதவு பூட்டியிருக்கும், ஜனங்கள் வெளியே நிற்பார்கள். இந்த வேலையை ஏற்பதும் ஏற்காததும் அவர் இஷ்டம். ஏற்றுக்கொண்ட பிறகு இஷ்டப்பட்ட நாளில் மட்டும் செய்ய முடியாது. ஊருக்குப் போவதாக இருந்தால் சாவியையும் வேலையையும் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கு அந்த இன்னொருவருக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இதுவும் அவருடைய கடமைதான்.

பெல்ஜியம் நாட்டில் சுமார் 1,000 வருஷத்துக்கு முன் கீடோ என்ற ஏழை வாழ்ந்தார். பிரஸ்ஸல்ஸ் அருகே ஓர் ஆலயத்தில் இதே வேலை செய்தார். வியாபாரத்தில் சம்பாதித்து ஏழைகளுக்கு இன்னும் அதிகம் கொடுக்கலாம் என்று வேலையை விட்டுப் போனார். சரக்கு ஏற்றிய கப்பல் மூழ்கிவிட்டது. திரும்பி வந்தபோது அவர் இடத்தில் வேறு ஆள் இருந்தார் என்று அவர் வரலாறு சொல்கிறது. இன்று அவர் புனிதர். செப்டம்பர் 12 அவர் திருநாள்.

நண்பர்களே, நம்ம வகுப்பிலும் கரும்பலகை துடைப்பது, குடிநீர்ப் பானை நிரப்புவது என்று சம்பளமில்லாத வேலைகள் இருக்கின்றன. கை தூக்கி வாங்கிய வேலையைக் கடைசி நாள் வரை செய்வோம்.

பதில் சொல்லுங்கள் பார்ப்போம்:
1. தவக்காலத்தில் உடையின் நிறம் என்ன?
2. பூசை அப்பம் எந்தத் தானியத்தில் செய்யப்படுகிறது?
3. நீங்கள் வகுப்பில் ஏற்றுக்கொண்ட வேலை எது? நீங்கள் வராத நாளில் அதைச் செய்வது யார்?