இம்மாதப் பாடம்: "சும்மா கிண்டல்தானே!"



பெண்ணைக் கேலி செய்தவனைத் தட்டிக் கேட்டால் என்ன பதில் வரும்? "சும்மா கிண்டல்தானே, இதுக்குப் போயி..." என்பார்கள். படித்தவர்கள் கூடும் இடத்திலும் இந்தப் பேச்சு உண்டு. இங்கிலாந்தில் நடந்த ஒன்றை இம்மாதம் பார்ப்போம்.

ரக்பி என்றால் என்ன?

முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். அணிக்கு 15 பேர். பந்தோடு ஓடுபவரை எதிரணியினர் கட்டிப் பிடித்துக் கீழே சாய்ப்பார்கள். சம்பளம் வாங்காமல் ஆசைக்கு ஆடும் சங்கங்கள் அங்கே ஊர்களிலும் கல்லூரிகளிலும் நிறைய உண்டு. ஆட்டம் முடிந்ததும் கூடிக் குடிப்பது, புதிதாகச் சேர்ந்த பையனை அளவுக்கு மீறிக் குடிக்க வைப்பது, பெண்களைக் கேவலமாகப் பாடுவது, இதெல்லாம் சில சங்கங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது.

என்ன நடந்தது?

அண்ணல் அம்பேத்கர் படித்த லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில், 2014 அக்டோபரில் புது மாணவர்களுக்கான வரவேற்பு நடந்தது. அங்கே ஆண்கள் ரக்பி சங்கம் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தது. கூடப் படிக்கும் பெண்களையும், விளையாடும் பெண்களையும் அதில் அசிங்கமாக எழுதியிருந்தார்கள். புகார் எழுந்தது. மாணவர் பேரவை அந்தக் கல்வி ஆண்டுக்கு அந்தச் சங்கத்தையே கலைத்துவிட்டது. சங்கம் மன்னிப்புக் கேட்டது. கிண்டல் செய்யும் கெடுதலைப் பற்றித் தாங்கள் கற்க வேண்டியது நிறைய என்றும் ஒப்புக்கொண்டது.

எல்லோரையும் தண்டிக்கலாமா?

"எழுதினது ஒண்ணு ரெண்டு பேராத்தானே இருக்கும்?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் பிரசுரம் வந்தது சங்கத்தின் பெயரில். கொடுக்கும் முன் "இது வேண்டாம்ப்பா" என்று உறுதியாகத் தடுத்திருந்தால் வெளியே வந்திருக்காது. நம் குழுவில் ஒருத்தி தவணை கட்டாவிட்டால் எல்லோரும் பொறுப்பேற்கிறோமே, அது மாதிரிதான்.

தண்டனை மட்டும் போதாது. ஆக்ஸ்போர்டில் 'குட் லேட்' என்ற பயிற்சி தொடங்கியது. 'நல்ல பையன்' என்று அர்த்தம். ஆண்களே விளையாட்டு அணிகளுடன் உட்கார்ந்து பேசினார்கள். "சட்டப்படி தப்பா?" என்பதோடு நிற்காமல், "அந்த இடத்தில் நல்லவன் என்ன செய்வான்?" என்று கேட்டார்கள்.

பெண்களும் ரக்பி ஆடுகிறார்கள். 2025 செப்டம்பர் 27 அன்று லண்டனில் பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். பார்க்க வந்தவர்கள் 81,885 பேர்! கனடாவை 33-13 என்று வென்றது இங்கிலாந்து.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் பிள்ளைகளின் விளையாட்டு அணியில் பெண்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள்? கேட்டிருக்கிறோமா?

2. "ஆம்பளப் பசங்கன்னா அப்படித்தான்" என்று நாமே சொல்லியிருக்கிறோமா?

3. கேலிக்கு ஆளான பெண் குழுவுக்கு வந்தால், முதலில் அவளிடம் என்ன சொல்வோம்?

கிண்டல் என்றால் இரண்டு பேரும் சிரிக்க வேண்டும். ஒருத்தி அழுதால் அது கிண்டல் இல்லை.