டிஸ்ட்ரிபியூட்டர் நடுவழியில் கைவிடாமல் இருக்க: பழைய கார் வைத்திருப்போருக்குப் பயனுள்ள குறிப்புகள்

ஒரு ஐப்பசி மாதம் மதுரையிலிருந்து குடும்பத்தோடு செட்டியார்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் அடைமழை. ரோட்டில் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறிய எங்கள் பழைய பெட்ரோல் கார், இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. பேட்டரி நன்றாக இருந்தது. டேங்கில் பெட்ரோலும் இருந்தது. அந்த வழியாக வந்த ஒரு மெக்கானிக் தன் வண்டியை ஓரங்கட்டி, எங்கள் பானெட்டைத் திறந்தார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் கிளிப் இரண்டையும் நெம்பி, மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே வியர்த்ததுபோல ஈரம்.

"என்ஜினுக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி, துண்டக் குடுங்க" என்றார். துடைத்து மாட்டியதும் வண்டி கிளம்பிவிட்டது. மூடியை டார்ச் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கிழித்ததுபோல ஒரு கறுப்புக் கோடு. "இது இன்னைக்கு வந்ததில்ல. ரெண்டு மூணு மாசமாவே காலையில ஸ்டார்ட் பண்றப்ப மக்கர் பண்ணிருக்குமே?" என்று கேட்டார். பண்ணியது, நான்தான் கண்டுகொள்ளவில்லை.

பந்தயம் ஓட்டுகிறவர்கள் இதே டிஸ்ட்ரிபியூட்டரோடு வெகுகாலம் பழகியவர்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில், 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. ஊருக்குள் ஓடும் பியட், அம்பாசடர் வகைக் கார்களையே மாற்றியமைத்து அங்கே ஓட்டினார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயப் பாதை வந்தது. கோவை கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி ஒற்றை இருக்கைக் கார்களில் இருந்ததும் நம் வீட்டு மாருதி 800 என்ஜின்தான். சொந்தக் காசைப் போட்டு ஓட்டுகிறவருக்கு, ஒரு மலிவான சாமான் பழுதானாலும் அன்றைய பந்தயம் போச்சு. அதனால் அவர்கள் பழகிய சில வழக்கங்கள் நம் வீட்டு வண்டிக்கும் நன்றாகப் பொருந்தும்.

1. முதலில் அதன் வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள். காயிலில் பிறக்கும் பல ஆயிரம் வோல்ட் மின்சாரத்தை, எந்த சிலிண்டருக்கு எந்த நொடியில் தர வேண்டுமோ அப்படிப் பங்கிட்டுக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர். மூன்று சிலிண்டர் மாருதி 800 நிமிஷத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது, அதே நிமிஷத்தில் 9,000 ஸ்பார்க் போக வேண்டும். நான்கு சிலிண்டர் என்றால் 12,000. இவ்வளவு வேலை செய்கிற பொருள் தேயத்தான் செய்யும்; தேய்வதற்குள் கவனிப்பது நம் பொறுப்பு.

2. வண்டி எப்போது அடம்பிடிக்கிறது என்று கவனித்தால் பாதி கோளாறு பிடிபட்டுவிடும். மழையிலும் பனிக்காலக் காலையிலும் மட்டும் என்றால் மூடி, பிளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஹெச்.டி. ஒயர் மீது சந்தேகப்படுங்கள். அரை மணி நேரம் ஓடி சூடான பிறகு நின்று, ஆறியதும் கிளம்பினால் கண்டென்சர், காயில், எலக்ட்ரானிக் வகையாக இருந்தால் மாடியூல். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் துண்டித்துத் துண்டித்து ஓடினால் உள்ளே இருக்கும் சின்ன ஒயர். வேகம் கூடும்போது மட்டும் மிஸ்ஸிங் அடித்தால் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டின் ஸ்பிரிங், அல்லது ஷாஃப்ட் புஷ்.

3. மாதம் ஒரு தடவை மூடியைக் கழற்றி, உட்பக்கத்தை உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். பழைய வேட்டித் துணி போதும். நம் பக்கம் பஞ்சு மில்லும் தறியும் ஓடும் ஊர்கள். காற்றில் வரும் தூசி மூடியில் படிந்து, அதன்மேல் ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் அந்த வழியில் ஓட ஆரம்பித்துவிடும்.

4. துடைத்த மூடியை டார்ச் அடித்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். முடி அளவு விரிசல், பென்சில் கோடு போன்ற கருந்தடம் இரண்டில் எது இருந்தாலும் புது மூடி வாங்குவதே வழி. சுரண்டி எடுத்தாலும் தடம் மறுபடி வரும். மூடியின் நடுவில் ஸ்பிரிங் வைத்த கார்பன் குச்சி இருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும்.

5. மூடி மாற்றும்போது அதற்குள் சுழலும் ரோட்டாரையும் சேர்த்தே மாற்றுங்கள். ரோட்டாரின் உள்ளே மின்சாரம் துளைத்துக்கொண்டு ஷாஃப்டுக்குப் போய்விட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. எல்லாம் சரியாக இருந்தும் ஸ்பார்க் வராமல் ஆளைக் குழப்பும் கோளாறு இது.

6. ஹெச்.டி. ஒயர்களை ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் உருவாதீர்கள். ஒன்றைக் கழற்றி, துடைத்து, மாட்டிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளை நெயில் பாலிஷால் எண் எழுதி வைப்பது நல்லது. அம்பாசடர் பெட்ரோலிலும் பழைய பியட்டிலும் தீப்பொறி வரிசை 1-3-4-2. மாருதி 800-ல் 1-3-2.

7. ஒயர் நல்லதா என்று பார்க்க மல்டிமீட்டர் வைத்து எல்லா ஒயர்களையும் ஒப்பிடுங்கள். நீளத்துக்குத் தகுந்தபடி சிறு வித்தியாசம் இருக்கலாம். ஒன்று மட்டும் பல மடங்கு காட்டினால் அதுதான் போன ஒயர். மீட்டர் இல்லாவிட்டால், இருட்டில் என்ஜினை ஓடவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். கசிகிற ஒயரில் நீலப் பொறி தெறிப்பது தெரியும்.

8. பாயிண்ட் வகை வண்டியில் இடைவெளிதான் உயிர்நாடி. பாயிண்டின் கால் கேம்மீது உரசித் தேயத் தேய இடைவெளி குறையும். குறைந்தால் ஸ்பார்க் தாமதமாகும். வண்டி இழுக்காது, சூடேறும், பெட்ரோலும் குடிக்கும். அம்பாசடரில் இருக்கும் லூகாஸ் வகைக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். மற்ற வண்டிகளுக்குக் கையேட்டு அளவைப் பாருங்கள். பீலர் கேஜ் இல்லாத நடுவழியில் கெட்டியான விசிட்டிங் கார்டு ஓரளவு கைகொடுக்கும், ஊர் வந்து சேரும் வரைக்கும் மட்டும். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறும் என்பதால், பிறகு டைமிங்கையும் பார்த்துவிடுங்கள்.

9. பாயிண்ட் முகத்தில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழுந்திருந்தால் கண்டென்சரைச் சந்தேகியுங்கள். புது பாயிண்ட் போட்டு, பழைய கண்டென்சரை விட்டுவைத்தால் புது பாயிண்டும் சீக்கிரம் கருகும். லேசான கறுப்பு மட்டும் என்றால் நைஸ் உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்து, சுத்தமான வெள்ளைக் காகிதத்தை நடுவே வைத்து இழுங்கள். காகிதம் அழுக்கில்லாமல் வரும் வரை இழுக்க வேண்டும்.

10. எண்ணெய் விஷயத்தில் சிக்கனம் நல்லது. ரோட்டாரைக் கழற்றினால் ஷாஃப்ட் உச்சியில் ஒரு ஃபெல்ட் துண்டு தெரியும் வண்டிகளில், அதற்கு இரண்டு சொட்டு என்ஜின் ஆயில். கேம்மீது அரிசி அளவு கிரீஸ். பாயிண்ட்மீது ஒரு துளிகூடப் படக் கூடாது; பட்டால் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே சாவியைத் தொடுங்கள்.

11. ரோட்டாரை அது சுற்றும் திசையில் விரலால் கொஞ்சம் திருகிவிட்டால், தானே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அடியில் உள்ள எடைகள் இறுகியிருக்கின்றன, அல்லது ஸ்பிரிங் போயிருக்கிறது. ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டியும் பாருங்கள். ஆட்டம் கண்டால் புஷ் தேய்ந்துவிட்டது. அதன் பிறகு பாயிண்ட் இடைவெளியை எத்தனை தடவை வைத்தாலும் நிற்காது. நீண்ட நேர் பாதையின் முடிவில் பந்தயக் கார் திடீரென்று தடுமாறுவதற்கு இந்த ஆட்டமும், வேகத்தில் பாயிண்ட் எகிறுவதும் காரணமாக இருப்பதுண்டு.

12. உள்ளே பாயிண்டுக்கும் அது உட்கார்ந்திருக்கும் தகட்டுக்கும் போகும் சின்ன ஒயர்களைக் கிள்ளி இழுத்துப் பாருங்கள். தகடு அசையும்போதெல்லாம் இவையும் மடங்கி மடங்கி, மேலுறை அப்படியே இருக்க, உள்ளே கம்பி அறுந்திருக்கும். ரப்பர்போல நீண்டால் அறுந்துவிட்டது என்று அர்த்தம். பள்ளம் மேட்டில் மட்டும் வரும் கோளாறுக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

13. வேக்குவம் டியூபைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி, அந்த முனையை வாயால் உறிஞ்சினால், உள்ளே தகடு நகர்ந்து, உறிஞ்சிப் பிடித்திருக்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும். நகராவிட்டால் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தே ஓடும் பந்தயக் கார்களில் இந்த உறுப்பை எடுத்துவிடுவார்கள். அதைப் பார்த்து வீட்டு வண்டியில் எடுக்காதீர்கள், மைலேஜ் போய்விடும்.

14. சாவியை ஆன் செய்துவிட்டு என்ஜின் ஓடாமல் பாட்டுக் கேட்காதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் கொதித்து, பாயிண்டும் கருகும். பாட்டுக்குச் சாவியின் முதல் நிலை போதும்.

15. மழைக்காலத்துக்கு ஒரு சமையலறை உபாயம். பாத்திரம் கழுவும் ரப்பர் கிளவுஸை எடுத்து விரல் நுனிகளை வெட்டுங்கள். நான்கு பிளக் ஒயர், ஒரு காயில் ஒயர் ஆக ஐந்து ஒயருக்கு ஐந்து விரல். ஒயர்களை விரல்கள் வழியே விட்டு மூடிமேல் கவிழ்த்துவிட்டால் தெறிக்கும் தண்ணீர் உள்ளே போகாது. மூன்று சிலிண்டர் வண்டிக்கு ஒரு விரலை முடிந்துவிடுங்கள். ஆவி வெளியேற அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும். மழை ராலிகளில் ஓட்டியவர்கள் வழிவழியாகச் செய்த வேலை இது.

16. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றும் முன் அதன் உடம்பிலும் என்ஜினிலும் சேர்த்து ஒரே கோடு போட்டுவிடுங்கள். ரோட்டார் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று செல்போனில் ஒரு படமும் எடுங்கள். திரும்ப மாட்டும்போது இந்த இரண்டும் ஒரு மணி நேர வேலையை மிச்சம் பண்ணும்.

17. பாதுகாப்பை ஒருநாளும் மறக்காதீர்கள். என்ஜின் ஓடும்போது ஹெச்.டி. ஒயரைக் கையால் தொடக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பானெட்டுக்குப் பக்கத்திலேயே வர வேண்டாம். கார்புரேட்டருக்கு அருகில் ஸ்பார்க் சோதனை ஆகாது. தோளில் கிடக்கும் துண்டு, தொங்கும் வேட்டி ஃபேன் பெல்ட்டில் சிக்கும். வேலைக்கு முன் எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

18. பந்தயக்காரர்களிடம் கற்க வேண்டிய கடைசி வழக்கம், மாற்றுச் சாமான். கழற்றிய பழையதில் நன்றாக ஓடிய பாயிண்ட் செட், ஒரு கண்டென்சர், ஒரு ரோட்டார், சின்ன ஸ்குரூடிரைவர், பீலர் கேஜ், உலர்ந்த துணி ஆகியவற்றை ஒரு டப்பாவில் போட்டு வண்டியிலேயே வையுங்கள். புதிதாக வாங்கிய சாமானை ஒரு வாரமாவது வண்டியில் ஓட்டிப் பார்த்துவிட்டு டப்பாவுக்கு மாற்றுங்கள். ஓடிப் பார்த்த சாமானைத்தான் நடுவழியில் நம்ப முடியும்.

எங்கள் வண்டியில் இப்போது டேஷ்போர்டுக்குள் பழைய எவர்சில்வர் டப்பா ஒன்று இருக்கிறது. அதன் மூடியின் உட்பக்கத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார், பாயிண்ட் மாற்றிய தேதிகளை எழுதி ஒட்டியிருக்கிறேன். புரட்டாசி பிறந்ததும் அதைத் திறந்து, மழை வருவதற்குள் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். காலையில் ஸ்டார்ட் ஆக ஒரு விநாடி தாமதித்தாலும் அன்றைக்கே டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிடுகிறேன்.